முண்டியம்பாக்கத்துக்கு ஒரு காந்தச் சுருள்

விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில் இயங்கிவந்த ஓர் இல்லத்திலிருந்து 2023 பிப்ரவரியில் 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மனநோயாளர்களும் ஆதரவற்றோருமாக அங்கே அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். அங்கு சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவே அந்த இல்லத்தின் கதவைத் திறந்தது. உரிய உரிமம் இன்றி நடத்தியது, கட்டிவைத்துத் துன்புறுத்தியது, பெண்களிடம் வன்கொடுமை புரிந்தது எனக் குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக எழ, வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லும். மீட்கப்பட்டவர்களைச் சிகிச்சைக்காகக் கொண்டுசேர்த்த இடம் எது என்பதே இங்கு நம் கவனத்துக்கு உரியது. அது முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

2010-இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையொட்டி நிற்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர், பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு தீண்டியவர், பேறுகாலத்தில் மூச்சுத் திணறியவர் என்று செஞ்சியிலிருந்து மரக்காணம் வரையுள்ள ஏழை மக்களுக்கு அதுவே கடைசிப் புகலிடம். மனம் நொந்தவர்களுக்கும் அதுவே புகலிடமாதல் வேண்டும். அவ்வாறு ஆகாத இடங்களில்தான் உரிமமற்ற இல்லங்கள் முளைக்கின்றன. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதற்குப் பின்னரும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளர் எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு செல்ல நேரக்கூடாது, அவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே அது கிட்ட வேண்டும் என்று அதன் 18-ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. அவை விழுப்புரம் மாவட்டத்தின் வரப்புகள்வரை வந்து சேர்ந்தனவா என்பதே கேள்வி. மனச்சோர்வு என்னும் ஒரே நோயையும், மருந்துக்கு வழிவிடாத மனச்சோர்வுக்கு இன்று உலகெங்கும் வழங்கப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சையையும், அச்சிகிச்சையைச் சுற்றி எழுந்துள்ள மூளைப் பட ஆரவாரத்தையும் முன்வைத்து அக்கேள்வியை இங்கே எழுப்புகிறோம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்டது. வயதுவந்தோரில் நூற்றுக்கு ஐவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆட்படுகின்றனர் என்றும், அந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அது கண்டது. எஞ்சிய பதினைந்து பேரின் கதையும் முற்றிலும் இனியதன்று. முறையாக மாத்திரை உட்கொண்டவர்களிலும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மருந்துகளை மாற்றிப் பார்த்த பிறகும் மூவரில் ஒருவருக்கு நோய் முழுதாக நீங்குவதில்லை என்பது அமெரிக்காவில் பெருந்திரளானோரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு கற்பித்த பாடம். 'ஆறு மாசமா மாத்திரை சாப்பிடுறேன், ஒண்ணும் கேக்கல' என்று புறநோயாளிகள் வரிசையில் சொல்லப்படும் வாக்கியத்தின் பின்னால் நிற்பவர்கள் இவர்களே.

இவர்களுக்கான வழிகளுள் ஒன்று காந்தத் தூண்டல். நோயாளி சாய்நாற்காலியில் அமர்கிறார். மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை, பட்டினி இல்லை. தலையில் துணித்தொப்பி ஒன்று அணிவிக்கப்படுகிறது. எட்டு என்னும் எண் வடிவில் வளைத்த சுருளை மருத்துவர் உச்சந்தலையின் இடப்பக்கத்தில் மெல்ல நகர்த்தி, ஒவ்வோர் இடமாக ஒற்றைத் துடிப்பைச் செலுத்திப் பார்க்கிறார். ஓரிடத்தில் வலக்கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். அந்த இடத்தைத் தொப்பியில் பேனாவால் குறித்துக்கொண்டு, விரல் துள்ளத் தேவைப்பட்ட மிகக் குறைந்த விசையையும் எழுதிக்கொள்கிறார். பிறகு அளவுநாடாவால் அங்கிருந்து ஐந்து ஐந்தரை சென்டிமீட்டர் முன்னே அளந்து, இடது முன்மடலின் மேற்பரப்புக்கு நேராகச் சுருளைப் பொருத்துகிறார். காதுகளில் அடைப்பான். பிறகு 'டக் டக் டக்' என்று மரங்கொத்தி கொத்துவதுபோல் ஒலி. நெற்றித்தோலில் சுண்டும் உணர்வு. முடிந்ததும் எழுந்து நடந்து வெளியே போகலாம்.

சுருளில் பாயும் மின்னோட்டம் கணப்பொழுதில் எழுந்து அடங்க, அதன் காந்தப் புலம் மண்டையோட்டை ஊடுருவி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள நரம்புகளில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் இயக்கம். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் 1985-இல் இதை மனித மூளைமேல் செயற்படுத்திக் காட்டினார். பத்தாண்டுகளில் அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஜார்ஜ் அதை மனச்சோர்வுக்கு முயன்றார். 2008 அக்டோபரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. தலைக்குள் உலோகப் பொருத்திகள் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை ஆகாது. வலிப்பு நோய் உள்ளவர்களிடம் பெரிதும் எச்சரிக்கை வேண்டும். மற்றவர்களுக்கு வலிப்பு நேரும் இடர் மிக அரிது.

'கரண்ட் வைக்கிறது' என்ற சொல் நம் ஊர்களில் விளைவிக்கும் அச்சத்தை யாவரும் அறிவோம். திரைப்படங்கள் அந்த அச்சத்தைப் பல்லாண்டுகளாக வளர்த்தன. காந்தத் தூண்டல் அந்தச் சிகிச்சையன்று. அதற்காக மின்னதிர்வுச் சிகிச்சையை இழித்துரைப்பதும் பிழை: மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் இன்றி அதை அளிப்பதைச் சட்டம் தடைசெய்துவிட்டது, முறையாக அளிக்கப்படும்போது, உணவை மறுத்து உயிருக்கே ஊறு நேரும் நிலையிலுள்ள நோயாளிக்கு இன்றும் அதற்கு ஈடான வேறொன்றில்லை.

காந்தம் எவ்வளவு பயன் தருகிறது? மிகையின்றிச் சொல்ல வேண்டுமானால், பாதிப்பேருக்கு. கனடாவின் மூன்று மருத்துவமனைகளில் 414 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய்க்குறிகள் சரிபாதியாகக் குறைந்தன. மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானோர் நோயிலிருந்தே விடுபட்டனர். போலிச் சுருளோடு ஒப்பிட்ட 2010-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு இதைவிடத் தாழ்ந்த எண்களையே தந்தது: நோய் நீங்கியோர் மெய்ச்சுருளில் 14 விழுக்காடு, போலிச்சுருளில் 5 விழுக்காடு. கனடிய ஆய்வின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஓர் அமர்வுக்கு முப்பத்தேழரை நிமிடம் பிடித்த பழைய முறையையும், மூன்று நிமிடத்தில் முடியும் புதிய விரைவு முறையையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல என்று அது நிறுவியது. ஒரே நாற்காலியில் ஒரு நாளில் பத்துப் பேருக்குச் செய்ய முடிந்ததை ஐம்பது பேருக்கும் செய்யலாம் என்று இதற்குப் பொருள். அரசு மருத்துவமனைக்கு இதனினும் நற்செய்தி வேறென்ன?

பாதிப்பேருக்குக் கேட்கிறது, பாதிப்பேருக்குக் கேட்கவில்லை என்றால், கேட்கப்போவது யாருக்கு என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? மூளைப் படம் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

ஜப்பானியரான செய்ஜி ஒகாவா 1990-இல், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு மூளையின் செயலை எம்.ஆர்.ஐ. கருவியில் படமாக்க முடியும் என்று காட்டினார். 1995-இல் இந்தியரான பாரத் பிஸ்வால், அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, ஒன்றுமே செய்யாமல் ஓய்ந்து படுத்திருப்பவரின் மூளையிலும் தொலைதூரப் பகுதிகள் ஒத்திசைந்து ஏறி இறங்குவதைக் கண்டார். முதலில் பலர் அதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினர். இன்று அத்துறையின் பாதிக் கட்டடம் அக்கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது. இதற்கிடையே ஹெலன் மேபெர்க் என்னும் நரம்பியல் மருத்துவர், மனச்சோர்வில் மிகையாக இயங்கும் ஒரு பகுதியை அடையாளம் காட்டினார். மூளையின் நடுக்கோட்டில், நெற்றிக்குப் பின்னே ஆழத்தில் புதைந்திருக்கும் அதற்கு மூளை வரைபடத்தில் 25 என்று எண். காந்தத்தின் கை அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. ஆனால் மேற்பரப்பில் அதனோடு எதிரிசையாக இயங்கும் இடங்கள் உண்டு; ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அத்தகைய இடத்தைத் தேடி அதன்மேல் சுருளை வைத்தவர்களுக்கே பலன் மிகுதி என்று 2012-இல் மைக்கேல் பாக்ஸ் குழுவினர் எழுதினர். ஒவ்வொருவர் மூளையிலும் அவ்விடம் சற்றே விலகியிருக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் படமெடுத்து, அவரவர்க்கு உரிய புள்ளியைக் குறிப்பது என்ற கருத்து பிறந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர் இதைச் செய்து காட்டினர். படம் காட்டிய புள்ளியில், ஒரு நாளைக்குப் பத்து அமர்வு, அமர்வுகளுக்கிடையே ஐம்பது நிமிட இடைவெளி, ஐந்தே நாள், மொத்தம் 90,000 துடிப்புகள். போலிச் சுருளோடு ஒப்பிட்டு 29 பேரிடம் நடத்திய சோதனையில், மெய்ச்சிகிச்சை பெற்றவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் நீங்கியவர்கள் 78.6 விழுக்காடு; போலிச்சிகிச்சையில் 13.3. பல ஆண்டுகள் மருந்துக்கு மசியாத நோயாளிகள் அவர்கள். 2022 செப்டம்பரில் அம்முறைக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. செய்தித்தாள்கள் வியந்தன. வியப்பதற்குக் காரணமும் இருந்தது.

ஆனால் தலையங்கம் எழுதுவோர் வியப்போடு நின்றுவிட முடியாது. 29 என்பது சிறிய எண். அதைவிடவும் முதன்மையானது ஒன்று உண்டு: ஸ்டான்போர்டார் ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினார்கள். அளவைப் பன்மடங்கு கூட்டினார்கள். ஆறு வாரத்தை ஐந்து நாளாகச் சுருக்கினார்கள். படத்தால் இடத்தைத் தேர்ந்தார்கள். நலம் விளைந்தது எதனால்? அந்தச் சோதனையைக் கொண்டு அதைச் சொல்ல இயலாது.

இதற்குரிய விடையின் ஒரு பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கு 255 நோயாளிகள் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மூளையின் இணைப்புகளைப் படமெடுத்து அவரவர்க்குரிய புள்ளியில் விரைவுமுறைச் சிகிச்சை. மற்றதற்குச் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தின் துணையோடு பொதுவான புள்ளியில் வழமையான சிகிச்சை. நான்கு முதல் ஆறு வாரத்தில் 20 அமர்வுகள். 2024-இல் வெளியான முடிவு: இரு பிரிவினரும் நலமடைந்தனர், ஆறு மாதம்வரை அந்நலம் நீடித்தது, இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவினருக்கும் ஏதோவொரு படம் எடுக்கப்பட்டிருந்தது என்பதால், படமே வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகாது. நுணுகிய இணைப்புப் படம் கூடுதல் பயன் தரும் என்ற நம்பிக்கைக்கு இது ஆதரவளிக்கவில்லை என்ற மட்டில் கொள்ளலாம்.

முன்னறிதல் முயற்சிகளும் இவ்வாறே தடுமாறியிருக்கின்றன. 2017-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் படங்களைக் கணினியால் ஆராய்ந்து, மனச்சோர்வில் நான்கு வகை உண்டு, அவற்றுள் ஒரு வகையினருக்குக் காந்தம் நன்கு கேட்கும் என்று ஓர் ஆய்வு அறிவித்தது. 2019-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேறு நோயாளிகளிடம் அதே முறையைப் பின்பற்றியபோது அந்த நான்கு வகைகள் உறுதிப்படவில்லை. மூளைப் படத்தையும் மனிதரின் மனநிலையையும் நம்பகமாகத் தொடர்புபடுத்த ஆயிரக்கணக்கானோரின் படங்கள் தேவை என்று 2022-இல் மற்றொரு பேராய்வு எச்சரித்தது. இத்துறையில் யாவரும் அறிந்த வேடிக்கை ஒன்றுண்டு. செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் கிடத்தி, மனிதரின் படங்களை அதற்குக் காட்டி, உரிய கணக்குத் திருத்தம் செய்யாமல் ஆராய்ந்தபோது, அம்மீனின் மூளையிலும் 'செயற்பாடு' ஒளிர்ந்தது! 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் அந்த மீனை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நம் பக்கத்தில் கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பதுண்டு. பாறைப்பாங்கான செஞ்சிப் பக்கத்தில் இடம் தேர்வது இன்றியமையாதது. ஆற்றுப்படுகையில் எங்கே தோண்டினாலும் ஊறும். மனச்சோர்வுற்ற மூளை இவ்விரண்டில் எந்த நிலத்தைப் போன்றது என்பது இன்னும் தீராத வழக்கு. தீரும்வரை, நீரோட்டம் பார்ப்பவர் வரவில்லை என்று தாகத்தோடு காத்திருக்கச் சொல்வது முறையாகாது.

முறையாகாது என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. வழிகாட்டல் இருந்தால்தான் இச்சிகிச்சை சிறக்கும் என்ற எண்ணம் வேரூன்றினால், இது என்றென்றைக்கும் மாநகரத்துச் சிகிச்சையாகவே நின்றுவிடும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலுள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளுக்கு முன்னே ஏற்கெனவே பக்கவாதக்காரரும் முதுகெலும்பு முறிந்தவரும் காத்திருக்கின்றனர். மூளை இணைப்பைப் படமெடுக்க நீண்ட நேரம் வேண்டும். அப்படத்தைப் படிக்கத் தேர்ந்த பொறியியல் அறிவு வேண்டும். 2008-இல் ஒப்புதலுக்கு வழிவகுத்த பெருஞ்சோதனையோ, 301 நோயாளிகளிடம், கட்டைவிரல் துள்ளலையும் அளவுநாடாவையும் கொண்டே நடத்தப்பட்டது. உலகின் அன்றாடச் சிகிச்சைக்கூடங்களில் பெரும்பாலானவை இன்றும் தலையை அளந்தே சுருளை வைக்கின்றன.

ஸ்டான்போர்டு ஆய்விலிருந்து விக்கிரவாண்டி கற்க வேண்டியது, நம் கருத்தில், படத்தையன்று. அந்த ஐந்து நாளை. வழமையான காந்தச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வர வேண்டும். மேல்மலையனூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண் முப்பது நாள் முண்டியம்பாக்கம் வந்து போவதை எண்ணிப் பாருங்கள். விடியலில் சமைத்துவைத்து, செஞ்சிக்கு ஒரு பேருந்து, விழுப்புரத்துக்கு ஒன்று, அங்கிருந்து மருத்துவமனைக்கு மற்றொன்று. நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவியே. ஆயினும் இழந்த நாட்கூலியை எந்தப் பேருந்தும் திருப்பித் தராது. மணிலா பிடுங்கும் பருவத்திலும் கரும்பு வெட்டும் பருவத்திலும் துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மூன்று நிமிடச் சிகிச்சைக்காக ஒரு முழு நாள்! மனச்சோர்வு என்பதோ படுக்கையைவிட்டு எழுவதையே மலையேற்றமாக்கும் நோய். பத்தாம் நாளில் அவள் வருவதை நிறுத்துவாள். 'சிகிச்சைக்குப் பலனில்லை' என்று நோயேட்டில் எழுதப்படும். எந்த மூளைப் படமும் முன்னறிவிக்காத தோல்வி அது.

ஐந்து நாள் என்றால் நிலைமை வேறு. மருத்துவமனையில் ஐந்து நாள் தங்குவது நம் குடும்பங்களுக்குப் பழகிய செய்தி. பிரசவத்துக்குத் தங்குகிறோம், அறுவைக்குத் தங்குகிறோம். மாமியாரோ தங்கையோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். ஒரு வாரக் கூலியோடு போயிற்று. ஆகவே நம் மருத்துவ ஆய்வு கேட்க வேண்டிய கேள்வி தெளிவானது: ஸ்டான்போர்டாரின் படத்தை விட்டுவிட்டு, ஐந்து நாளையும் அளவையும் வைத்துக்கொண்டு, அளவுநாடாவால் இடம் குறித்தால் எவ்வளவு பலன் கிடைக்கிறது? செல்வ நாடுகளின் கருவி நிறுவனங்களுக்கு இக்கேள்வியில் ஆதாயமில்லை. நமக்கு உண்டு. 1794 முதல் வரலாறுடைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், காந்தத் தூண்டலில் நெடுநாள் பட்டறிவுள்ள நிம்ஹான்ஸும் வழிகாட்ட, மாவட்ட மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் இச்சோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தலாம். மூளைக்குள் இன்னும் ஆழமாகப் பார்க்கும் வேலையை வல்லவர்கள் செய்துகொண்டே இருக்கட்டும். சென்னை ஐஐடி மூளை ஆய்வு மையம் கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 வெட்டுத்தளங்களில் வரைந்து 2024 டிசம்பரில் உலகுக்கு அளித்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பணிக்கும் இந்தக் கோரிக்கைக்கும் பகையில்லை.

சோதனை என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெறி பிறழக் கூடாது. நோயாளி விளங்கிக்கொண்டு இசைந்தாலன்றி, அதுவும் எழுத்தில் இசைந்தாலன்றி, எந்தச் சுருளும் எவர் தலைமேலும் வைக்கப்படலாகாது. குண்டலப்புலியூரில் மீட்கப்பட்டவர்களைப் போன்று, மறுக்கும் வலிமையற்றவர்களை ஆய்வுப்பொருளாக்குவது குற்றத்தின்மேல் குற்றம்.

மற்றொன்றையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மூளைப் படம் ஆய்வுக்கூடத்தில் ஐயத்துக்கு உரியதாக இருக்கும்போதே, கடைத்தெருவில் அது உறுதிமொழியாகிவிடுகிறது. சிவப்பும் நீலமுமாக ஒளிரும் ஒரு படத்தை மேசைமேல் வைத்து, 'இங்கே பாருங்கள், உங்கள் மகனின் மூளையில் இந்த இடம் மங்கியிருக்கிறது' என்று சொன்னால் எந்தத் தந்தை மறுப்பார்? நிலத்தை அடகு வைத்தாவது பணம் கட்டுவார். மனச்சோர்வைத் தனி ஒருவரிடம் படத்தால் கண்டறியும் முறை இன்று மருத்துவ நடைமுறையில் இல்லை. மருத்துவர் உட்கார்ந்து கேட்டு அறிவதே முறை. மூளையில் கட்டியோ வேறு கோளாறோ உண்டோ என்று ஐயுறும்போது படமெடுப்பது வேறு. தனியார் மையங்கள் படத்தைக் காட்டிச் சிகிச்சையின் பலனை வாக்களிப்பதை மாநில மனநல ஆணையம் விளம்பர மோசடியாகக் கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

'ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சாதாரண மாத்திரைக்கே தட்டுப்பாடுள்ள நாட்டில் காந்தம் கேட்கிறீர்களா?' என்று சிலர் வினவக்கூடும். மாத்திரையும் பேச்சுவழிச் சிகிச்சையும் முதலில் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஊர்தோறும் வருவதும், அவர் எழுதித் தரும் மருந்து அடுத்த மாதமும் கிடைப்பதும் எந்தக் கருவியைவிடவும் அவசரமானவை. ஆனால் இரு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றி மாற்றி எழுதித் தருவது சிக்கனமா? நெதர்லாந்தில் அத்தகைய 89 பேரிடம் ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை மாற்றியவர்களில் நோய் நீங்கியோர் ஏறத்தாழ 5 விழுக்காடு. காந்தச் சிகிச்சை பெற்றோரில் 27 விழுக்காடு. இதயக்குழாய் அடைப்பு நீக்கமும் இரத்தச் சுத்திகரிப்பும் ஒரு காலத்தில் பணக்காரச் சிகிச்சைகளாகவே இருந்தன. அவற்றை மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. மனத்தின் நோய்க்கு மட்டும் ஏழைக்கு முதற்படியே போதும் என்று தீர்ப்பளிக்க நாம் யார்?

இம்மாவட்டத்தின் அண்மை வரலாற்றையும் நினைவில் கொள்க. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓட, தென்மாவட்ட ரயில்கள் நின்றன. நெற்பயிர் அழிந்தது, கால்நடைகள் மிதந்தன. அரசு குடும்பத்துக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அழிந்த வயலின் பரப்பை வருவாய்த் துறை அளந்துவிடும். கடன் வாங்கி நட்டதெல்லாம் நீரில் போனபின், மாதக்கணக்கில் உறக்கமின்றி விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவரை அளக்க அத்துறையிடம் சங்கிலி இல்லை. மே 2023-இல் மரக்காணம் கடற்கரையில் நச்சுச்சாராயம் குடித்து மாண்டவர்களின் மனைவியரும் இம்மாவட்டத்தில்தான் வாழ்கிறார்கள். பூச்சிமருந்துப் புட்டி எட்டிய தூரத்தில் இருக்கும் வேளாண் குடும்பங்களில் மனச்சோர்வு எவ்வளவு விரைவில் உயிரைக் கொண்டுபோகும் என்பதை முண்டியம்பாக்கத்தின் அவசரப் பிரிவு நன்கறியும்.

ஆதலின் அரசிடம் நாம் கேட்பது இதுவே. வரும் நிதிநிலை அறிக்கையில், விழுப்புரம் உள்ளிட்ட மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறைக்குக் காந்தத் தூண்டல் கருவியும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியரும், உள்நோயாளியாக ஐந்து நாள் தங்கப் படுக்கைகளும் ஒதுக்கப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை தனி இனமாகச் சேர்க்கப்பட வேண்டும். இணைப்புப் படம் இருந்தால்தான் காப்பீடு என்ற நிபந்தனை எந்த விதியிலும் நுழையலாகாது. திண்டிவனம், செஞ்சி அரசு மருத்துவமனைகளிலிருந்து முண்டியம்பாக்கத்துக்கு நோயாளியை அனுப்பவும், திரும்பியபின் தொடர்ந்து கவனிக்கவும் பொறுப்பு வரையறுக்கப்பட வேண்டும். ஏனெனில் காந்தத்தால் எழுந்தவர் மறுபடி விழுவதும் உண்டு.

படிக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டில் எவரேனும் வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இழந்து, பேச்சைக் குறைத்து, இருந்தென்ன என்று சொல்லத் தொடங்கியிருந்தால், அதைச் சோம்பல் என்றோ காத்து கருப்பு என்றோ தள்ளாதீர்கள். சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். இரவு எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.